எடைமேடை

லத்தேரி சாலையில் என் அறை
எட்டுக்கு எட்டு, தகரக் கூரை.
ஒரு ஃபேன் உண்டு. சூட்டைக் கலக்கிவிடும், அவ்வளவுதான்.
சன்னலுக்கு வெளியே மேடை,
மேடைமேல் லாரி, லாரிமேல் கல்.
சிவப்பு எண் துடிதுடித்து ஓர் இடத்தில் நிற்கும்.
நான் எழுதுவேன்.

நின்ற எண்ணை அல்ல.
பர்மிட்டில் இருக்கிற எண்ணை.

தேசிங்கு முதலாளி முதல் நாளே சொன்னார்:
“கண்ணு பார்க்கட்டும், கை பார்க்கக் கூடாது.
அதாம்மா வேலை.”
பதினோரு வருஷம்.
என் கைக்குக் கண் கிடையாது.

அன்று ஃபிர்தௌஸ் வந்தாள், வாணியம்பாடிப் பெண்,
பாறை படிக்கிறவள். துப்பட்டாவுக்கு மேல் ஒரு தொப்பி,
பைக்குள் சுத்தியல்.
குவாரிக்குள் விடவில்லையாம்,
நிழலுக்கு இங்கே நுழைந்தாள்.
பானைத் தண்ணீர் இரண்டு சொம்பு குடித்துவிட்டு
கதவுக்கு நான் முட்டுக்கொடுத்திருந்த
கறுப்புக் கல்லைப் பார்த்தாள்.
“அக்கா, எரிமலைய வச்சா கதவ நிறுத்தியிருக்கீங்க?”

சிரித்தேன்.
தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்
என்று வேலூரைச் சொல்வார்கள்.
சாமி திரும்பி வந்துவிட்டார்.
மழை பெய்தால் பாலாறும் வருகிறது.
ஐந்தாவது ஒன்று, பெண்களைப் பற்றி.
அதைச் சொன்ன வாயை
இந்த மேடையில் ஏற்றிப் பார்க்கணும்.
நெருப்பு இல்லாத எரிமலை,
ஆறாவதாகச் சேர்த்துக்கலாமா என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
எதிர்க் குன்றைக் காட்டினாள்.
அது பழைய பாறை. அதில் ஒரு விரிசல்.
அடியிலிருந்து குழம்பு
அந்த விரிசல் வழியே ஏறியது, ஏறியது,
மேலே வரவில்லை.
இருநூறு கோடி வருஷம், கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.
நான் பூஜ்யங்களை விரல்விட்டு எண்ணினேன்.
என் மெஷினில் இலக்கம் ஐந்துதான்.

“வெளிய வந்திருந்தா?”
“கொஞ்ச நாள் ஆட்டம். அப்புறம் சாம்பல், நுரைக்கல்.
வந்ததும் இருந்திருக்கும் அக்கா.
மழை தின்னுடுச்சு.”

லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள்.
கறுப்பு என்று நினைத்திருந்த கல்லுக்குள்
குச்சி குச்சியாய் வெள்ளை,
கேழ்வரகுக் களியில் தட்டுப்படும் நொய் மாதிரி.
அதன் ஒரு ஓரம் மட்டும் வெறும் மை.
“அங்கதான் குளிர்ந்த பாறையத் தொட்டுது.
சட்டுனு உறைஞ்சுபோச்சு.
மணி கட்ட நேரமில்ல.”

காட்பாடி பஸ் வந்தது, போய்விட்டாள்.
பெயர் கேட்டாள், சொன்னேனா என்று நினைவில்லை.

நாலு மணிக்கு முனிரத்தினம் வண்டி.
வெற்று வண்டி போக
முப்பத்தொரு டன் நானூற்று அறுபது.
பர்மிட்டில் பதினெட்டு.
அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.
கோபமா என்று கேட்டால், இல்லை.
கை சில்லென்றுதான் இருந்தது.
முப்பத்தொன்று என்று எழுதி
புள்ளி வைத்து
நானூற்று அறுபதையும் எழுதினேன்.

சீட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
“அக்கா, தண்ணி குடிங்க” என்றான்.

முதலாளியின் ஃபோன் வருவதற்குள்
அறையைப் பூட்டலாம் என்றால்
கல் குறுக்கே.
தூக்கினேன். ஐந்து கிலோ இருக்கும்.
எதற்கோ அதை மேடையில் வைத்தேன்,
உள்ளே வந்து பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்கு எதுவும் தெரியாது.

சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கிளீனர் பையனை
எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு
கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு
நானும் ஏறி நின்றேன்.
இரும்புத் தகடு செருப்பைத் தாண்டிச் சுட்டது.
“அறுபது!” என்று கத்தினான்.

உள்ளே போய் அதையும் எழுதினேன்.
தேதி, நேரம்.
வண்டி எண் என்ற இடத்தை
அப்படியே விட்டுவிட்டேன்.
ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.